பயணிக்கு இருட்டு, பராமரிப்பவருக்கு வெளிச்சம்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி வெள்ளவத்தையில் நடைபெற்ற ஒன்றுகூடலில், இயந்திரப் பொறியியலாளரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வருபவர்கள் பெரும்பாலும் கல்வியைப் பற்றியோ பெண்களின் முன்னேற்றத்தைப் பற்றியோ பேசுவார்கள். நான் கட்டடத்துக்குள் ஓடும் ரோலர் கோஸ்டரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் சற்று யோசித்தார். பிறகு, "உமக்குத் தெரிந்ததைப் பேசும், அதுவே நல்லது" என்று சொல்லிவிட்டார். லிஃப்ட், நகரும் படிக்கட்டு, கேளிக்கைப் பூங்கா இயந்திரங்கள் ஆகியவற்றைப் பரிசோதிப்பது பல ஆண்டுகளாக என் தொழில். அந்த வேலையில் நான் கற்ற ஒரு விடயத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எமது பழைய மாணவிகள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களை அந்தப் பிள்ளைகள் எங்கே இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரில் யூனிவேர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில் எகிப்திய மம்மியின் கதையை வைத்து இருட்டில் ஓடுகிற வண்டி இருக்கிறது. கோலாலம்பூரில் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குயர் கடைத்தொகுதிக்குள்ளேயே தலைகீழாகச் சுற்றும் வண்டி ஓடுகிறது. ரொறன்ரோவுக்கு அருகில் கனடாஸ் வொண்டர்லாண்ட் பூங்காவில், செயற்கை மலைக்குள் நுழைந்து ஓடும் வண்டி 2014இல் வந்தது. மும்பாய்க்கும் புனேக்கும் இடையில் இமாஜிக்கா பூங்காவில் 'டீப் ஸ்பேஸ்' இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மூத்தது புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 1975 ஜனவரியில் திறந்த 'ஸ்பேஸ் மவுண்டன்'. இவற்றில் எது நன்றாக வடிவமைக்கப்பட்டது, அதை எப்படி அறிவது என்பதே என் கேள்வி.

முதலில் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். சாதாரண ரோலர் கோஸ்டருக்கு இயந்திரம் கிடையாது. ஒரு சங்கிலி அதை உயரத்துக்கு இழுத்துவிடும். மிச்சத்தை ஈர்ப்பு பார்த்துக்கொள்ளும். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விவேகானந்த மேட்டிலிருந்து சைக்கிளை மிதிக்காமல் இறக்கிய ஒவ்வொருவருக்கும் அழுத்த சக்தி இயக்க சக்தியாக மாறுவது உடம்பால் தெரியும். உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 10 மீற்றர் இறங்கும் வண்டி மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகம் பெறும். உள்ளே இருப்பவரின் திணிவு எவ்வளவானாலும் இந்தக் கணக்கு மாறாது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேண்டுமானால் ஏறக்குறைய 40 மீற்றர் இறங்க வேண்டும். அது 13 மாடி உயரம்.

இங்கேதான் கட்டடத்துக்குள் வடிவமைப்பவரின் சங்கடம் தொடங்குகிறது. திறந்தவெளியில் வானம் வரை கட்டலாம். கட்டடத்துக்குள் கூரை இடிக்கும், தூண் மறிக்கும். ஆகவே கட்டடத்துக்குள் ஓடும் வண்டி பெரும்பாலும் மெதுவான வண்டி. புளோரிடாவின் ஸ்பேஸ் மவுண்டன் மணிக்கு சுமார் 45 கிலோமீற்றர் வேகத்தில்தான் ஓடுகிறது. காலி வீதி வெறுமையாக இருக்கும் நேரத்தில் பாணந்துறைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ் அதைவிட வேகமாகப் போகும். ஆனாலும் ஸ்பேஸ் மவுண்டனில் ஏறியவர்கள் பறந்து வந்தது போலத்தான் சொல்லுகிறார்கள்.

காரணம் இருட்டு. வெளிச்சத்தில் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிகிறது, மனம் தயாராகிவிடுகிறது. இருட்டில் அந்தத் தயாரிப்பு இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "திரும்புகிறோம், விழுகிறோம்" என்று சொல்லும்; எங்கே, எவ்வளவு தூரம் என்று சொல்ல அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியை எங்கள் பயம் நிரப்பிவிடுகிறது. பக்கத்தில் சில சிறு விளக்குகளை வைத்து, முகத்தில் காற்றுப் படும்படி செய்தால், 45 கிலோமீற்றர் 90 போலத் தோன்றும். குறைந்த உயரத்தில், குறைந்த வேகத்தில், மனிதக் கற்பனையையே எரிபொருளாக வைத்து ஓட்டுவது ஒரு கெட்டித்தனம். பிற்காலத்தில் காந்த விசையால் வண்டியை உந்தும் முறையும் வந்தது. 1999இல் புளோரிடாவில் திறக்கப்பட்ட ஒரு டிஸ்னி வண்டி, இருட்டுக் கட்டடத்துக்குள் 2.8 செக்கன்களில் மணிக்கு 92 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. உயரம் இல்லாத இடத்தில் வேகம் பெற அது இன்னொரு வழி.

ஆனால் இருட்டு இன்னொன்றையும் செய்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது முன்னால் வளைவைக் கண்டால், காலைச் சற்று அகட்டி, கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வோம். கண் சொல்ல, கழுத்தும் முதுகும் முன்கூட்டியே இறுகிவிடும். இருட்டு வண்டியில் அந்தப் பாதுகாப்பு எமக்கு இல்லை. பயணியின் கண்ணைக் கட்டியவர் வடிவமைப்பாளர். ஆகவே அந்தக் கண் செய்திருக்கக்கூடிய வேலையை அவரே செய்ய வேண்டும். நல்ல வடிவமைப்பை அளக்கும் முதல் கோல் இது: வளைவு உடம்பைத் திடீரென்று அடிக்கக் கூடாது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1895இல் நியூயோர்க்கின் கொனி ஐலண்டில் தலைகீழாகச் சுற்றும் ஒரு வண்டி ஓடியது. அதன் வளையம் சரியான வட்டம். உயர்தர வகுப்பில் நாம் செய்த கணக்கை நினைத்துப் பாருங்கள். வட்டத்தின் உச்சியில் விழாமல் இருக்கத் தேவையான மிகக் குறைந்த வேகத்தை எடுத்துக்கொண்டாலும், அடியில் பயணி தன் நிறையைப் போல 6 மடங்கை உணருவார். 50 கிலோ பிள்ளை 300 கிலோவாக ஆசனத்தில் அழுத்தப்படுவாள். அதுவும் நேர்ப்பாதையில் இருந்து வட்டத்துக்குள் நுழைகிற அந்த ஒரு கணத்திலேயே. கழுத்து என்ன ஆகும்? அந்த வண்டி கழுத்து நோவுக்கே பெயர் பெற்றது.

இதற்கு நல்ல தீர்வு கிடைக்க 80 ஆண்டுகள் சென்றன. ஜேர்மன் பொறியியலாளர் வேர்னர் ஸ்டெங்கல், 1976இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட வண்டிக்கு வட்டத்துக்குப் பதிலாகக் கண்ணீர்த்துளி போன்ற வளையத்தைக் கொடுத்தார். அந்த வடிவத்தில் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். வேகம் அதிகமான அடிப்பகுதியில் வளைவு மெதுவாக இருக்கும். வேகம் குறைந்த உச்சியில் இறுக்கமாக இருக்கும். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரயில் பாதை போடுபவர்கள் நேர்ப்பாதையையும் வளைவையும் இணைக்க இந்தக் கோட்டை முன்பே பயன்படுத்தி வந்தார்கள். ரயிலில் இருக்கும் முதியவர் கையில் உள்ள தேநீர் சிந்தாமல் இருக்கச் செய்த கணக்கு, தலைகீழாகப் போகிறவரின் கழுத்தையும் காப்பாற்றியது.

அடுத்தது மோதாமல் இருப்பது. ஒரே பாதையில் இரண்டு, மூன்று வண்டிகள் இருட்டில் ஓடுகின்றன. ஒன்று நின்றுவிட்டால்? இதற்கும் விடை ரயிலில்தான் இருந்தது. ஒற்றைப் பாதையில் ரயில் ஓட்டுநர் கையில் நிலைய அதிபர் கொடுக்கும் டேப்லட்டைப் பார்த்திருப்பீர்கள். அது கையில் இல்லாமல் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. ஒரு பகுதிக்கு ஒரு டேப்லட்தான். ரோலர் கோஸ்டரின் பாதையும் அதேபோலப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னால் உள்ள பகுதி காலியாகும் வரை பின்னால் வருவதைத் தடை நிறுத்திவைக்கும்.

அந்தத் தடை எப்படிப்பட்டது என்பது முக்கியம். செப்புக் குழாய்க்குள் ஒரு காந்தத்தைப் போட்டுப் பாருங்கள். மிதந்து வருவது போல மெதுவாக இறங்கும். குழாயில் எழும் சுழி மின்னோட்டம் அதை எதிர்க்கிறது. நவீன வண்டிகள் பலவற்றில் வேகத்தைக் குறைப்பது இதே தத்துவம். மின்சாரம் போனாலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். இறுதியாகப் பிடித்து நிறுத்தும் தடைகளும், காற்றழுத்தம் போனால் தாமாகவே இறுகும்படி செய்யப்படும். ஏதாவது பழுதடைந்தால் வண்டி ஓடக் கூடாது, நிற்க வேண்டும். மின்வெட்டுக்குப் பழகிய எமக்கு இந்தத் தத்துவத்தின் அருமை தெரியும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1919இல் அமெரிக்கரான ஜோன் மில்லர் ஒரு சிறிய விடயத்துக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்துக்கு மேலே உருளும் சில்லோடு, கீழேயும் ஒரு சில்லு. அது இருந்தால் வண்டி பாதையை விட்டு எழும்ப முடியாது. இன்று பக்கச் சில்லும் சேர்த்து மூன்று திசைகளில் சில்லுகள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கின்றன. எங்கள் உயிர் அந்தச் சில்லுத் தொகுதியில் இருக்கிறது. அந்தச் சில்லுத் தொகுதியோ சில போல்ட்டுகளில் இருக்கிறது.

கனடாவின் எட்மன்ரனில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் 'மைண்ட்பெண்டர்' என்ற ரோலர் கோஸ்டர் 1985இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் நான் சற்று முன் சொன்ன அதே ஸ்டெங்கல். வளைவுகளின் கணக்கில் அவரை விஞ்சியவர் அக்காலத்தில் இல்லை என்றே சொல்லலாம். 1986 ஜூன் 14ஆம் திகதி மாலை, கடைசிப் பெட்டியின் சில்லுத் தொகுதி கழன்றது. பெட்டி அங்குமிங்கும் வீசப்பட்டது, மடிக்கம்பிகள் விடுபட்டன, பெட்டி கட்டடத்தின் கொங்கிறீட் தூணில் மோதியது. மூவர் உயிரிழந்தனர், ஒருவர் படுகாயமடைந்தார். விசாரணையில் தெரிய வந்தது, சில்லுத் தொகுதியில் இருக்க வேண்டிய போல்ட்டுகள் இல்லை என்பது. பின்னர் தோள்பிடிப்புகளைச் சேர்த்து, நான்கு பெட்டிகளை மூன்றாகக் குறைத்து மறுபடி ஓட்டினார்கள். 2023இல் அது நிரந்தரமாக மூடப்பட்டது.

வளைவு சரி, வேகம் சரி. ஒரு போல்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில் வந்த குறை அது. இதைப் பராமரிப்பின் குறை என்று சொல்லி வடிவமைப்பாளர்கள் கையைக் கழுவலாம். என் தொழிலில் நான் அப்படிப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்குக் கடினமான இடத்தில் உள்ள போல்ட் ஒரு நாள் பார்க்கப்படாமல் போகும். காலையில் முறுக்குச்சாவியோடு உள்ளே வருகிறவர் களைத்திருக்கலாம், அவசரத்தில் இருக்கலாம், வேலைக்குப் புதியவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கும் கழன்ற போல்ட் கண்ணில் குத்தும்படி அமைப்பது வடிவமைப்பாளரின் வேலை. போல்ட்டுக்குக் குறுக்கே ஒரு வர்ணக் கோடு போட்டுவிட்டால், அது கால்வாசி திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். செலவு ஒன்றுமில்லை. கட்டடத்துக்குள் ஓடும் வண்டிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே இருட்டு ஓர் அலங்காரம். ஆகவே முழு வெளிச்சம் தரும் வேலை விளக்குகள் எல்லா இடத்திலும் வேண்டும். பாதை நெடுக மனிதர் நடக்கக்கூடிய நடைபாதை வேண்டும். தண்டவாளத்தின் ஒவ்வோர் இணைப்பையும் கை தொட வேண்டும். பயணிக்கு இருட்டு, பராமரிப்பவருக்கு வெளிச்சம். நல்ல வண்டி இரண்டையும் ஒரே கட்டடத்தில் கொடுக்கும்.

அதே நடைபாதைதான் பயணிகளின் உயிர்ப்பாதையும். 1984 மே 11ஆம் திகதி, அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் இருட்டுப் பேய்வீட்டில் தீப்பிடித்து எட்டு இளம் பிள்ளைகள் இறந்தார்கள். அது ரோலர் கோஸ்டர் அல்ல; ஆனாலும் இருட்டுக் கட்டடம் கட்டும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம். உள்ளே எளிதில் எரியும் பஞ்சுமெத்தைப் பொருட்கள் இருந்தன; தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இருக்கவில்லை. பயமுறுத்துவதற்காகச் செய்த இருட்டும் திருப்பங்களும் வெளியேறும் வழியையும் மறைத்துவிட்டன. ஆகவே வண்டி நடுவழியில் நின்றால், ஒரு நொடியில் விளக்கு எரிய வேண்டும். பாட்டி ஒருவரும் பாலகன் ஒருவனும் படியிறங்கி வெளியே வர முடிய வேண்டும்.

பயணியின் உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கையை எவ்வளவு நீட்டினாலும் எந்தத் தூணும் கைக்கு எட்டாத இடைவெளி வண்டியைச் சுற்றி விடப்பட வேண்டும். இருட்டில் தூண் தெரியாது என்பதால் யாரும் கையை உள்ளே இழுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எமது பெண்களுக்குக் கை மட்டுமா இருக்கிறது? நீண்ட பின்னல் இருக்கிறது, துப்பட்டா இருக்கிறது, சேலைத் தலைப்பு இருக்கிறது, தாலிக்கொடி இருக்கிறது. சில்லு சுழலும் இடத்துக்கு இவை போக முடியாதபடி மூடியிருக்கிறதா என்று கேட்க, பின்னல் வளர்த்த ஒருவர் வடிவமைப்பு அறையில் இருப்பது நல்லது. பெண்கள் பொறியியல் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒரு சிறிய, நடைமுறைக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் மலேசியாவில் ஒரு பூங்காவுக்கு உறவினர்களோடு போயிருந்தேன். உயரம் அளக்கும் கம்பில் எமது பிள்ளை ஓர் அங்குலம் குறைவு. பிள்ளை அழத் தொடங்கினாள். அவளுடைய பெரியம்மா, "இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், ஓர் அங்குலந்தானே" என்று வாதாடினார். வாசலில் நின்ற தமிழ்ப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. "ஆன்ட்டி, இந்த அளவு பிள்ளைக்கு இல்ல, கம்பிக்கு. கம்பி இவளைப் பிடிக்காது" என்று பொறுமையாகச் சொன்னாள். எனக்கு அந்த வாக்கியம் எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாக இருந்தது. உயரக் கட்டுப்பாடு பிள்ளையின் தைரியத்தை அளப்பதில்லை. அந்த உடம்பை மடிக்கம்பி பிடித்துக்கொள்ளுமா என்று அளக்கிறது. அந்த வண்டியின் மிக முக்கியமான பாதுகாப்பு உறுப்பு அன்று வாசலில் நின்ற அந்தப் பெண். அவள் "இல்லை" என்று சொன்னபோது அவளைத் திட்டாத ஒரு மேலாளர் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் கொழும்பில் இருக்கும் எமக்கு ஏன் சொல்கிறேன்? இங்கேயும் பெரிய கடைத்தொகுதிகள் வந்துவிட்டன. விடுமுறை வந்தால் பிள்ளைகளை விளையாட்டு வண்டிகளில் ஏற்றுகிறோம். கார்னிவல் வந்தால் ராட்டினத்தில் ஏற்றுகிறோம். மரணக் கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறோம். உங்கள் பிள்ளையை ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒவ்வொரு மடிக்கம்பியையும் இயக்குபவர் தன் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? உயரக் கம்பு சுவரில் தொங்குகிறதா, உண்மையில் அளக்கப்படுகிறதா? யாரையாவது திருப்பி அனுப்புகிறார்களா? வெளியேறும் வழியின் விளக்கு எரிகிறதா, அல்லது அதற்கு முன்னால் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா? காலையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் சொல்லுகிறார்களா, கோபப்படுகிறார்களா? இவற்றைக் கேட்க பொறியியல் பட்டம் தேவையில்லை. சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் எமக்கு இது முடியாததல்ல. கோபப்பட்டால் இறங்கி வந்துவிடுங்கள். பிள்ளை அழட்டும், ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கலாம்.

சீருடையில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. வட்ட இயக்கம் பரீட்சைக்கு வரும் ஒரு அலகு என்றுதான் நாங்களும் படித்தோம். அந்தக் கணக்கில் வரும் 'திணிவு' என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் கழுத்து இருக்கிறது என்பதை வேலைக்குப் போன பிறகே முழுமையாக உணர்ந்தேன். நீங்கள் இப்போதே உணர்ந்து படியுங்கள். உங்களில் சிலர் பாலங்களையும், சிலர் வைத்தியசாலைக் கருவிகளையும், யாராவது ஒருத்தி ரோலர் கோஸ்டரையும் வடிவமைப்பீர்கள். எதைச் செய்தாலும், அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஏறப் போகிறவரையும், அதிகாலையில் விளக்கோடு வந்து போல்ட்டைப் பார்க்கப் போகிறவரையும் ஒருசேர நினைத்துக்கொள்ளுங்கள்.

 எமது சங்கம் இரண்டாம் நூற்றாண்டிலும் தழைத்தோங்கட்டும்.